எந்த எழுத்தைப் பூட்டுவது? ஆங்கில வாக்கியப் புதிர்களில் ஒரு தேர்வு

குறுக்கெழுத்துக் கட்டங்களில் ஊறிப்போனவர்களுக்கு ஒரு நாள் புதிய ஆசை பிறக்கும். அடுத்தவர் அமைத்த கட்டத்தை நிரப்பியது போதும், நாமே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். குறிப்பிட்ட ஓர் எழுத்து எங்கேயும் வரக் கூடாது. அல்லது 26 எழுத்துகளும் வந்தாக வேண்டும். அல்லது கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே வாக்கியம் கிடைக்க வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதிலும் கை படியாது. தனியாக உட்கார்ந்து எழுத எது ஏற்றது, நண்பர்களோடு கூடி ஆட எது ஏற்றது, எதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் இருபுறமும் ஒன்றுபோல் வாசிக்கும் வாக்கியத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். புகழ்பெற்றது அதுதானே. புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட மோசமான வாசல் இல்லை என்பது என் கருத்து. எழுத விரும்புபவருக்கு எழுத்து விலக்கு, கூடி ஆட விரும்புபவர்களுக்கு, உள்ளே ஒரு சொல்லை ஒளித்து வைக்கும் கரந்துறை வாக்கியம் என்பேன். நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: கட்டுப்பாடு தெரியாத ஒருவரிடம் வாக்கியத்தை நீட்டினால், அவர் அதைச் சாதாரண வாக்கியமாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். பிறகு ரகசியத்தைச் சொன்னதும் திரும்ப வந்து பார்க்க வேண்டும். படித்த உடனேயே 'இது ஏதோ வித்தை' என்று தெரிந்துவிட்டால் பாதிச் சுவை அங்கேயே போய்விடுகிறது.

தமிழில் பழகியவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுத்தை வைத்து வித்தை காட்டும் நம் சித்திரகவிகளில் ஒலிக்குப் பெரிய இடம் உண்டு. நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாமல் சொல்ல வேண்டும். சொல்பவரின் வாயைக் கவனித்தாலே தவறு பிடிபட்டுவிடும். விகடகவி என்பதைத் திருப்பும்போது 'வி' முழுதாகத்தான் திரும்புகிறது, மெய் தனி உயிர் தனி என்று பிரிவதில்லை. ஆங்கில விளையாட்டோ முழுக்க எழுத்துக்கூட்டலில் நடக்கிறது. காதை நம்பினால் ஏமாந்துபோவோம். 'ஃபோன்' என்ற சொல்லில் 'எஃப்' கிடையாது. 'வன்' என்று ஒலிக்கும் எண்ணில் 'டபிள்யூ' கிடையாது, ஆனால் ஒலிக்கவே ஒலிக்காத ஓர் 'ஈ' கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கீழே வரும் உதாரணங்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு படிப்பது நல்லது.

விலக்கி எழுதுவது

ஓர் எழுத்தையோ சில எழுத்துகளையோ அறவே ஒதுக்கிவிட்டு எழுதுவதை லிப்போகிராம் என்கிறார்கள். மிகப் பழைய விளையாட்டு இது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கவிஞர் லாசஸ், சிக்மா எழுத்தைத் தவிர்த்துப் பாடியவராக அறியப்படுகிறார். ஆங்கிலத்தில் இதன் உச்சம் 1939இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் வெளியிட்ட 'கேட்ஸ்பி' என்ற நாவல். 50,000 சொற்களுக்கு மேல். ஒன்றிலும் 'ஈ' வரக் கூடாது என்பது விதி. தட்டச்சுப் பொறியில் அந்த விசையையே கட்டிப்போட்டுவிட்டு எழுதியதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். அப்படியும் அச்சில் சில இடங்களில் 'தி' நுழைந்துவிட்டது. 1969இல் ஜார்ஜ் பெரெக் பிரெஞ்சு மொழியில் அதே எழுத்தை விலக்கி ஒரு நாவல் எழுதினார். 1990களில் கில்பர்ட் அடேர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோதும் 'ஈ' வரவில்லை.

ஏன் எல்லோரும் 'ஈ'யையே பிடித்துக்கொள்கிறார்கள்? ஆங்கில உரையில் நூறு எழுத்துகளை எண்ணினால் ஏறக்குறைய 12 அல்லது 13 அதுவாகத்தான் இருக்கும். அது போனால் 'தி' போகிறது, 'ஹி', 'ஷி', 'வி', 'தே' எல்லாம் போகின்றன, இறந்தகாலத்தைக் காட்டும் 'ஈடி' விகுதி போகிறது. மொழியின் எலும்புகளே கழன்றுவிடுகின்றன. சதையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். 'தி ஓல்டு மேன் சாட் நியர் தி ரிவர் அண்ட் வெயிட்டட் ஃபார் தி ஃபெரி.' ஆற்றங்கரையில் உட்கார்ந்து படகுக்காகக் காத்திருந்த கிழவர், அவ்வளவுதான். இதில் 'ஈ'யை விலக்கினால் மூன்று 'தி'யும் உடனே விழுகின்றன. 'நியர்' விழுகிறது, 'ரிவர்' விழுகிறது, 'ஃபெரி'யும் 'வெயிட்டட்'டும் விழுகின்றன. மிஞ்சியதை வைத்துக் கட்டினால் இப்படி வரும்: 'அன் ஓல்டு மேன் சாட் ஆன் எ பேங்க், வெயிட்டிங் ஃபார் எ போட்.' வினைமுற்றை 'ஐஎன்ஜி' ஏறிய எச்சமாக மாற்றியதில் காத்திருப்பு தப்பித்துக்கொண்டது. ஆறு என்ற சொல் இல்லாமலேயே கரை வந்துவிட்டது. ஒரு வேடிக்கை என்னவென்றால், 'பேங்க்' என்றதும் ஒரு கணம் கிழவர் வங்கியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாரோ என்று தோன்றும். கடைசிச் சொல்லான படகு வந்துதான் அவரைத் திரும்ப ஆற்றங்கரைக்குக் கூட்டிவருகிறது. முதல் வாக்கியத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே வாக்கியத்தில், 'டேபிள்' என்ற சொல்லில் முதலில் வரும் 'டி'யை விலக்கிப் பாருங்கள். அதுதான் ஆங்கிலத்தில் இரண்டாவது அதிகம் புழங்கும் எழுத்து. இப்போது ஆறும் படகும் திரும்பக் கிடைக்கின்றன, ஆனால் உட்காருவதும் காத்திருப்பதும் பறிபோகின்றன. 'அன் ஓல்டு மேன் லிங்கர்ட் பை எ ரிவர், ஹோப்பிங் ஃபார் எ ஃபெரி.' முதலாவதில் பெயர்ச்சொற்கள் அடிபட்டன, இரண்டாவதில் வினைகள் அடிபட்டன. காத்திருந்தவர் இப்போது சும்மா சுற்றிக்கொண்டு படகு வராதா என்று ஏங்குகிறார். எழுத்தை மாற்றியதற்கு ஆளின் மனநிலையே மாறிவிட்டது. இந்த வகையை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இதுதான் காரணம். ஒரே செய்தியை வேறு சொற்களில் சொல்ல ஆயிரம் பயிற்சிகள் உண்டு, இதைப் போல விடாப்பிடியாக நம்மைச் சொல்ல வைப்பது வேறு எதுவும் இல்லை.

எடுத்த எடுப்பில் 'ஈ'யோடு மோத வேண்டாம். 'இசட்', 'க்யூ', 'எக்ஸ்', 'ஜே' ஆகியவற்றை விலக்குவதும் வீண். அவை வராமல் ஒரு பக்கம் எழுதுவதை நாம் தினமும் அறியாமலே செய்கிறோம். நான் சிபாரிசு செய்வது 'எஸ்'. மேலே உள்ள வாக்கியத்தில் 'சாட்' என்பதை எடுத்துவிட்டாலே போதும், 'எஸ்' இல்லாத வாக்கியம் கிடைத்துவிடும். ஆனால் நிகழ்காலத்தில் எழுத முயன்றால் விஷயம் சூடு பிடிக்கிறது. ஒருமையில் எழுதினால் வினையில் 'எஸ்' ஒட்டிக்கொள்கிறது: 'பாய் ரன்ஸ்'. பன்மையில் எழுதினால் அது பெயருக்குத் தாவிவிடுகிறது: 'பாய்ஸ் ரன்'. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் 'எஸ்' வழிமறிக்கும். தப்பிக்க 'மென்', 'சில்ரன்', 'பீப்பிள்' போன்ற முறைமாறிய பன்மைகளைத் தேடிப் போக வேண்டும், அல்லது இறந்தகாலத்துக்குள் ஓட வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த விதி திடீரென்று கண்ணெதிரே வந்து நிற்கும் அனுபவம் இது.

சரிபார்ப்பதும் எளிது. எழுதி முடித்ததும் கணினியில் அந்த ஓர் எழுத்தைத் தேடினால் போதும், நழுவியது பளிச்சென்று தெரிந்துவிடும். ரைட்டுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

எழுதாமல் கேட்டுப் பார்ப்பதற்கும் இந்த வகையில் ஒரு சரக்கு உண்டு. எண்களை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதிக்கொண்டே போனால் 'ஏ' என்ற எழுத்து முதலில் எந்த எண்ணில் வரும்? சுழியத்திலிருந்து 999 வரை வரவே வராது. 'தவ்சண்ட்' என்ற ஆயிரத்தில்தான் முதல் முறையாகத் தலைகாட்டும். பிரிட்டிஷ் வழக்கப்படி நூறுக்குப் பின் 'அண்ட்' சேர்த்து எழுதினால் மட்டும் 101லேயே வந்துவிடும். கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு அவர்கள் விரல்விட்டு எண்ணுவதைப் பார்ப்பது தனிச் சுகம்.

எல்லாம் வர வேண்டும் என்றால்

பான்கிராம் இதற்கு நேர் எதிர். 26 எழுத்துகளும் குறைந்தது ஒரு முறையாவது வர வேண்டும். பழுப்பு நிற நரி சோம்பேறி நாயைத் தாண்டும் வாக்கியத்தைத் தட்டச்சு பழகிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1885இலேயே ஓர் அமெரிக்க நாளேட்டில் அச்சாகியிருக்கிறது. 'தி' என்று தொடங்கினால் 35 எழுத்து, 'எ' என்று தொடங்கினால் 33. எழுத்துருக்களைக் காட்டவும் தட்டச்சுப் பொறிகளைச் சோதிக்கவும் இன்றும் அந்த நரிதான் ஓடுகிறது.

நாமே ஒன்று செய்வதற்கு வழி, அரிய எழுத்துகளிலிருந்து தொடங்குவது. 'க்யூ'வும் 'இசட்'டும் ஒரே சொல்லில் அடங்குமா? 'குவிஸ்ட்' என்று கேள்வி கேட்டால் அடங்கும். 'எக்ஸ்' எங்கே? 'பாக்ஸர்ஸ்'. 'வி'யும் 'எஃப்'பும் 'ஃபைவ்' என்ற எண்ணில் ஒன்றாக இருக்கின்றன. இப்படிச் சேர்த்தால், 'மை அங்கிள் குவிஸ்ட் ஃபைவ் பாக்ஸர்ஸ் ஹூ கெப்ட் ஜாகிங்' என்று ஒரு வாக்கியம் நிற்கிறது. விடாமல் ஓடிக்கொண்டிருந்த ஐந்து குத்துச்சண்டை வீரர்களை என் மாமா கேள்வி கேட்டார். எண்ணிப் பார்த்தால் 25 எழுத்துகள் இருக்கின்றன. விடுபட்டது எது தெரியுமா? 'ஏ'. அரிய எழுத்துகளுக்காக அலைந்ததில், வாசலில் நிற்கும் எழுத்து கண்ணில் படவில்லை. ஓட்டத்தை எடுத்துவிட்டுக் கடைசியில் 'எ ஜக்' என்று ஒரு குவளையை அவர்கள் கையில் கொடுத்தால் கணக்கு முடிகிறது: 'மை அங்கிள் குவிஸ்ட் ஃபைவ் பாக்ஸர்ஸ் ஹூ கெப்ட் எ ஜக்.' மொத்தம் 35 எழுத்து, நரி வாக்கியத்துக்குச் சமம்.

இத்தோடு நிறுத்திக்கொள்பவர் புத்திசாலி. இதற்குமேல் எழுத்தைக் குறைக்கத் தொடங்கினால் அது ஒரு நோயாகிவிடும். கறுப்பு ஸ்படிகத்தாலான ஸ்ஃபிங்ஸிடம் தன் சபதத்தை எடைபோடச் சொல்லும் புகழ்பெற்ற வாக்கியம் 29 எழுத்தில் முடிகிறது. கம்பீரம் குறையாமல் இவ்வளவு இறங்கியது ஆச்சரியம்தான். ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு முறை வரும் 26 எழுத்து வாக்கியங்களும் உண்டு, ஆனால் அவற்றை அகராதி இல்லாமல் படிக்க முடியாது. வெல்ஷ் மொழியிலிருந்து வந்த, உயிரெழுத்தே இல்லாத சொற்களையோ 'டிவி', 'பிஎச்டி' போன்ற சுருக்கங்களையோ துணைக்கு அழைக்காமல் அங்கே போய்ச் சேர வழியில்லை. ஐந்து உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட மற்ற எழுத்துகளுக்குத் தீனி போட ஆங்கிலத்தால் ஆகாது.

இதே குடும்பத்தில் ஒரு மேதாவி வகையும் உண்டு: இந்த வாக்கியத்தில் இத்தனை 'ஏ', இத்தனை 'பி' என்று தன்னைத்தானே சரியாக எண்ணிச் சொல்லும் பான்கிராம். ஓர் எண்ணை மாற்றினால் அந்த எண்ணின் எழுத்துகளே கணக்கைக் குலைத்துவிடும். லீ சாலோஸ் என்பவர் 1980களில் இதற்காகவே ஒரு மின்னணு இயந்திரத்தைக் கட்டினார். ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

எழுத்து விலக்கோடு ஒப்பிட்டால் பான்கிராமின் குறை ஒன்றே. அது ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிடுகிறது. விலக்கு பத்தி பத்தியாக வளரும். பான்கிராம் வளர வளர மதிப்பிழக்கும். நீளமாக எழுதினால் 26 எழுத்தும் தானாகவே வந்துவிடும் அல்லவா? ஒரு மாலைப் பொழுதுக்கு நல்ல துணை, ஒரு மாதத்துக்கு இல்லை.

திருப்பிப் படிப்பது

பேலிண்ட்ரோம், நம் மாலைமாற்று. 1948இல் லீ மெர்சர் வெளியிட்ட பனாமா கால்வாய் வாக்கியம்தான் ஆங்கிலத்தில் இதற்குக் கொடிமரம்: 'எ மேன், எ பிளான், எ கனால், பனாமா', அதாவது ஒரு மனிதன், ஒரு திட்டம், ஒரு கால்வாய், பனாமா. 21 எழுத்து, நட்டநடுவில் 11ஆவதாக 'கனால்' என்பதன் 'சி'. உண்மையில் நடந்த ஒரு வரலாற்றையே அது சொல்கிறது என்பதுதான் அதன் பெருமை. அப்படி அமைவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஏன் அபூர்வம் என்று பார்த்தால் மீண்டும் அதே 'தி'யில் வந்து முட்டுகிறோம். ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான சொல்லைத் திருப்பினால் 'ஈ-எச்-டி' வருகிறது. அப்படி முடியும் சொல்லோ, 'எச்-டி' என்று தொடங்கும் சொல்லோ ஆங்கிலத்தில் புழக்கத்தில் இல்லை. 'ஐஎன்ஜி' விகுதியைத் திருப்பினால் 'ஜி-என்-ஐ'. அதை ஒரு சொல்லின் நடுவிலோ இரண்டு சொற்களுக்கு நடுவில் பிளந்தோ வைத்தால்தான் உண்டு. 'க்யூ'வைத் தொடரும் 'யூ'வைத் திருப்பினாலோ கதவே மூடிக்கொள்கிறது. ஆகவே எழுதுபவர் என்ன சொல்ல நினைத்தாலும் 'ஸ்டெப்', 'பெட்ஸ்', 'ஆன்', 'நோ', 'லிவ்', 'ஈவில்' என்று திரும்பத்தக்க ஒரு சிறு மூட்டைக்குள்தான் கைவிட வேண்டும். 'ஸ்டெப் ஆன் நோ பெட்ஸ்' என்ற நான்கு சொல் வாக்கியம் எவ்வளவு கச்சிதம்! ஆனால் செல்லப்பிராணிகளை மிதிக்காதே என்று யாருக்காவது சொல்லத் தோன்றியதால் அது பிறக்கவில்லை. எழுத்துகள் சொன்னதை மனிதர் ஏற்றுக்கொண்டார், அவ்வளவே.

நீளத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசம். கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 2002இல் ஒரு நிரல் எழுதிப் பனாமா வாக்கியத்தை 17,000 சொற்களுக்கும் மேலாக நீட்டினார். நடுவில் இருப்பவை எல்லாம் காற்புள்ளியிட்ட பெயர்ச்சொற்கள். சாதனை என்ற வகையில் சரி. படிப்பதற்கு யாரும் இல்லை. தொடக்கக்காரர்கள் இந்த வாசலில் நுழைந்து ஓரிரு வாரத்தில் மனம் விட்டுப் போவதற்குக் காரணம் இதுதான்: உழைப்பு முழுதும் தற்செயலைத் தேடுவதில் போகிறது, எழுதுவதில் போகவில்லை. தனிமையில் பொறுமையாகச் சொற்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதில் இன்பம் காண்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லி எதுவும் ஆகப்போவதில்லை.

ஒரே உயிரெழுத்து

எழுத்து விலக்கில் தேறியவர் அடுத்துப் போக வேண்டிய இடம் இது. ஐந்து உயிரெழுத்தில் நான்கை விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. கனடாவின் கிறிஸ்டியன் போக் 2001இல் வெளியிட்ட 'யூனோயா'வில் அத்தியாயத்துக்கு ஓர் உயிரெழுத்து என ஐந்து அத்தியாயங்கள்.

எந்த உயிரெழுத்தை எடுப்பது என்பதே ஒரு முடிவு. 'எ', 'அன்', 'தி' ஆகிய சுட்டுச் சொற்கள் 'ஏ'க்கும் 'ஈ'க்கும் மட்டும்தான் வாய்க்கும். 'ஐ', 'ஓ', 'யூ' எடுத்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. இருத்தலைக் குறிக்கும் வினையில் 'ஏ'க்கு 'ஆம்', 'வாஸ்' கிடைக்கும். 'ஈ'க்கு 'பி', 'பீன்', 'வேர்' கிடைக்கும். 'ஐ'க்கு 'இஸ்' மட்டும். 'ஓ'வும் 'யூ'வும் வெறுங்கையோடு நிற்கும். எனவே முதலில் 'ஈ'. 'தி செவன் மென் நெவர் ஸ்லெப்ட் தேர்' என்று இயல்பாகவே எழுத முடிகிறது. அங்கே ஏழு பேரும் தூங்கவே இல்லை. ஒரு திகில் கதைக்கு முதல் வரியாகக்கூட வைக்கலாம். 'யூ'வில் 'பப்ஸ் டக் அப் மட்' என்று நாய்க்குட்டிகள் மண்ணைத் தோண்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

'ஓ'வுக்கு ஒன்று: 'டாம் டுக் லாட்ஸ் ஆஃப் ஓல்டு புக்ஸ்.' தமிழ் எழுத்தில் இதைப் பார்க்கும்போது எங்கே ஒரே உயிரெழுத்து என்று கேட்கத் தோன்றும். ஆ, உ, ஓ என்று மூன்று ஒலிகள் ஓடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் வட்டம் வட்டமாக 'ஓ' தவிர வேறு உயிர் கண்ணில் படாது. நான் ஆரம்பத்தில் சொன்ன காது, கண் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ஒலிக்குப் பழகிய நம் மூளை இந்த வகையில் கூடுதலாகத் தடுமாறும், அதனால் கூடுதலாகக் கற்கவும் செய்யும்.

எண்ணிக்கை விளையாட்டுகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சொல்லுக்குச் சொல் ஓர் எழுத்து கூடிக்கொண்டே போகும் வாக்கியம் பனிப்பந்து எனப்படுகிறது. 'ஐ ஆம் தி லாஸ்ட் குவயட் பர்சன் டாக்கிங் நான்சென்ஸ்': ஒன்றில் தொடங்கி எட்டு எழுத்துவரை ஏறுகிறது. ஒன்பது, பத்து என்று போகும்போது நீண்ட சொற்களின் கனத்தில் வாக்கியம் சாய்ந்துவிடும். எட்டோடு இறங்கிவிடுவது அழகு. பை எண்ணின் இலக்கங்களான 3, 1, 4, 1, 5 என்ற வரிசையில் சொற்களின் நீளம் அமைய எழுதுவது பைலிஷ். சுழியம் வந்தால் பத்தெழுத்துச் சொல் போட வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் 32ஆம் இடத்தில்தான் முதல் சுழியம் வருகிறது, அதுவரை கவலை இல்லை. மைக் கீத் 2010இல் வெளியிட்ட ஒரு புத்தகம் முதல் 10,000 இலக்கங்களையும் இப்படியே தொடர்கிறது. எண் பைத்தியம் உள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் கேட்பவருக்கு இதில் வேலை இல்லை; எழுதியவர் மட்டுமே எண்ணி எண்ணி மகிழ வேண்டியது.

கூட்டத்துக்கு ஏற்றது

இதுவரை சொன்னவை எல்லாம் எழுதுபவரின் விளையாட்டுகள். பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில், ஆங்கிலத்தில் ஒருவர் புலி, ஒருவர் சுமார் என்று இருக்கும்போது, அவை எடுபடாது. அங்கே வேண்டியது கரந்துறை. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை மறைத்து வைக்கும் கரந்துறை பாட்டு நம் சித்திரகவிகளில் இருப்பதுபோல, ஆங்கிலத்தில் வாக்கியத்துக்குள் ஒரு சொல்லை, சொற்களின் எல்லையைத் தாண்டி மறைப்பார்கள்.

'ஹி கேம் லேட்.' அவன் தாமதமாக வந்தான். இதில் ஒரு விலங்கு இருக்கிறது. 'கேம்' என்பதன் சி-ஏ-எம்-ஈ, பின்னால் வரும் சொல்லின் 'எல்' இரண்டையும் சேர்த்தால் ஒட்டகம். மூன்றே சொல்லுக்குள் ஓர் ஒட்டகம் நின்றுகொண்டிருந்தும் தெரியாமல் போனதற்குக் காரணம், 'கேம்' என்று ஒலிக்கும்வரை 'கேமல்' காதில் விழாது என்பதுதான். மற்ற வகைகளில் நமக்குத் தடையாக இருந்த ஒலி வேறுபாடு இங்கே புதிர் அமைப்பவருக்குத் திரையாகிவிடுகிறது.

அமைப்பதும் எளிது. 'இஃப் ஐ' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லும் சேர்ந்து 'எஃப்-ஐ' ஆகின்றன. பின்னால் 'ஷவுட்' என்று கத்தினால் மீன் கிடைக்கும். 'ரிட்டர்ன்' என்று திரும்பினால் நெருப்பு. 'லீவ்' என்று கிளம்பினால் கோப்பு. 'வீட்டோ' என்று மறுத்தால் ஐந்து. ஒரே தொடக்கத்தில் நான்கு புதிர்கள், நான்கும் இயல்பான பேச்சில் வரக்கூடிய தொடக்கங்கள். ஒளிந்திருக்கும் சொல் குறைந்தது இரண்டு சொற்களில் பரவியிருக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே சொல்லுக்குள் முழுதாக இருந்தால் கண்ணில் உடனே குத்தும். விடை எந்த வகையைச் சேர்ந்தது, எத்தனை எழுத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் களத்தில் இறங்கலாம். சொல்வளத்தைவிடக் கண்ணின் கூர்மைக்கே இதில் மதிப்பு என்பதால், புலிகளைச் சிறுவர்கள் முந்திவிடுவதும் உண்டு.

மற்றவற்றில் வரிகளின் முதலெழுத்தைக் கோத்து ஒரு பெயரைப் பொதிப்பது மிக எளிது, அதனாலேயே வாழ்த்து மடலுக்கு மட்டும் பொருந்தும். எல்லாச் சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கும் வாக்கியம் நாக்குப் பயிற்சியாகத் தேய்ந்துவிட்டது. சிறைக்கைதிக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, அதன் கற்பனை எனக்குப் பிடிக்கும்: தாள் போதாத கைதி வரிகளை நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், மேலே நீளும் 'எச்', 'கே' போன்றவற்றையும் கீழே தொங்கும் 'ஜி', 'ஒய்' போன்றவற்றையும் ஒதுக்கிவிடுகிறார். எழுத்தின் உருவத்தையே கட்டுப்பாடாக்கும் இதுபோன்ற யோசனைகளுக்கு, 1960இல் பாரிஸில் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் தொடங்கிய ஊலிப்போ குழு பேர்போனது. பெரெக்கும் பின்னாளில் அந்தக் குழுவில் சேர்ந்தவர்தான்.

உதவிக்கு உரையாடல் செயலிகளை அழைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அவை உரையை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, சொற்துண்டுகளாகத்தான் பார்க்கின்றன. அதனால் ஓர் எழுத்தை விலக்கி எழுதச் சொன்னால், விலக்கிவிட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு நடுவில் இரண்டைத் தவறவிடுவதுண்டு. யோசனை கேட்கலாம். தீர்ப்பு மட்டும் கேட்காதீர்கள். விலக்குக்குத் தேடல் வசதி போதும், பான்கிராமுக்கு 26 எழுத்தையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போவதே போதும்.

ஆக, தனியாக எழுதுபவர் 'எஸ்' விலக்கில் ஒரு பத்தி, பிறகு 'டேபிளின் டி', அதன் பிறகு 'ஈ' என்று ஏறலாம். 'ஈ'யில் ஒரு பக்கம் சறுக்காமல் எழுத வந்துவிட்டால் ஒரே உயிரெழுத்துக்குத் தாவலாம். கூட்டம் என்றால் கரந்துறையில் தொடங்கி, நடுவில் அந்த ஆயிரம் கேள்வியைப் போட்டு, கடைசியில் ஆளுக்கொரு பான்கிராம் என்று முடிக்கலாம்; யாருடையது குறைந்த எழுத்து என்று போட்டி வைத்தால் நேரம் போவதே தெரியாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில விதிகளை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆட்களின் பெயரும் ஊர்ப்பெயரும் செல்லுமா? சுருக்கங்கள் செல்லுமா? அமெரிக்க எழுத்துக்கூட்டலா, பிரிட்டிஷா? 'கலர்' என்ற சொல்லில் 'யூ' உண்டா இல்லையா என்பதே ஒரே உயிரெழுத்து ஆட்டத்தில் வெற்றி தோல்வியை மாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், 'ஒய்' உயிரா மெய்யா என்ற கேள்வி இருக்கிறது. 'ஸ்கை'யில் அது உயிர், 'யெஸ்'ஸில் மெய். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள், ஆனால் முதல் வாக்கியத்தை யாரும் எழுதுவதற்கு முன்பே செய்யுங்கள்.